விரைந்து ஓடாத ஒரு நாவல்

வாரந்தோறும் ஒரு திருப்பத்தில் கதையை நிறுத்தி, அடுத்த இதழ் வரும்வரை வாசகரைத் தவிக்கவிடும் தொடர்கதை மரபில் வளர்ந்தவர்களாகையால், 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னின் வேகமே நம்மில் பலருக்கும் நாவலின் வேகமென்று மனத்தில் பதிந்துவிட்டது. அந்த எதிர்பார்ப்போடு நாஞ்சில் நாடனின் ‘சதுரங்கக் குதிரை’யைக் கையிலெடுப்பவர், ஆரம்பப் பக்கங்களிலேயே சலித்து மூடிவைத்துவிடக் கூடும்; நானும் அவ்விதமே மூடிவைத்து, நெடுநாள் கழித்துத்தான் மறுபடி பிரித்தேன்.

1993இல் வெளிவந்த இந்நாவலின் நாயகன் நாராயணன், நாஞ்சில் நாட்டிலிருந்து பம்பாய்க்கு வந்து உத்தியோகத்தில் அமர்ந்து, வயது ஏறிக்கொண்டே போக, விவாகம் மட்டும் கைகூடாமல் தனித்து வாழ்கிறவன். லீவில் ஊருக்குப் போவதும், பெண் பார்க்கும் பேச்சு எழுவதும், அது தட்டிப்போவதும், மறுபடி பம்பாய்க்கு ரயிலேறுவதுமாகக் கழியும் அவன் ஜீவிதத்தில், சம்பவம் என்று எடுத்துச் சொல்லத்தக்கவை சொற்பமே.

ஆயினும், 1970களிலும் 80களிலும் உத்தியோக நிமித்தம் பம்பாயில் வாழ்ந்த ஆசிரியர், பிரம்மசாரிக் குமாஸ்தாவின் ஏகாந்தத்தை வெளியிலிருந்து பார்த்து இரக்கப்படாமல் உள்ளிருந்தே எழுதியிருப்பதால், பாதி நாவலைக் கடந்தபின் அதே சாவதானம் நம்மை வசப்படுத்திக்கொள்கிறது. அவன் நிலையைப் பம்பாய்த் தமிழர் பலரின் வாழ்வோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1992இல் கடற்கழியைத் தாண்டி வாஷிவரை ரயில் ஓடத் தொடங்கியபின், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றியிருந்த தமிழ்க் குடும்பங்களிற் சில நவி மும்பைக்குக் குடிபெயர்ந்தன. வாஷிக்கு அடுத்த நிலையமான சான்பாடாவில் இன்று பேரப்பிள்ளைகளோடு பிளாட்டில் வசிக்கும் முதியவர்களைக் கேட்டால், ‘சால்’ எனப்படும் வரிசைக் குடியிருப்பின் அறையொன்றில் நாலைந்து பேராக முடங்கி, மாட்டுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டு, ஊருக்கு மணியார்டர் அனுப்பிய காலத்தைச் சொல்லுவார்கள். அவர்களெல்லாம் கடந்து வந்துவிட்ட அந்தப் பருவத்திலேயே நாராயணன் நின்றுவிட்டான் என்பதை உணரும்போது, கதை நகரவில்லையே என்ற நம் புகாரின் பெரும்பகுதி தானே அடங்கிவிடுகிறது.

பெரும்பகுதி என்றேனேயன்றி முழுவதும் என்று சொல்லவில்லை. கதை நாராயணனின் மனத்தோடேயே பிரயாணம் செய்வதால், அவனுக்கு வாய்க்காமற்போன பெண்கள் அவனைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை நாம் அறிவதேயில்லை. அவர்களில் ஒருத்தியாவது நெருங்கி வந்து அவனோடு வாதாடியிருந்தால், அவன் துயரத்தில் விதியின் பங்கு எவ்வளவு, சுபாவத்தின் பங்கு எவ்வளவு என்பது துலங்கியிருக்கும்.

ஆகவே, ஒரே மூச்சில் படித்துவிட வேண்டுமென்று இந்நாவலை எடுப்பவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். தினமும் சில பக்கங்களென்று பொறுமையோடு பாதிவரை படிக்கக் கூடியவர், அதற்குப் பிறகும் மனம் ஒன்றவில்லையானால் தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.