களிமண் கற்றுத் தந்த பாடம்



மே மாத விடுமுறைக்குப் புதுச்சேரியில் இருக்கும் என் தாய்மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா பாட்டரி கலைஞர். அதாவது மண்பாண்டம் செய்பவர். ஆனால் நம்ம ஊர்ச் சந்தையில் விற்கும் தண்ணீர்ப் பானை இல்லை. டீ கப், தட்டு, கிண்ணம், பூச்சாடி எல்லாம் செய்வார். பத்து நாளும் அவர் பட்டறையிலேயே கிடந்தேன். அங்கே பார்த்ததையும், நான் செய்த ஒரு தப்பையும் எழுதுகிறேன்.

மண்ணும் சக்கரமும்

காலை ஆறு மணிக்கே மாமா மண் பிசைய ஆரம்பித்துவிடுவார். சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரிதான். ஆனால் உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தணும். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, ஈரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆகும். நான் பத்து நிமிடத்தில் களைத்துவிட்டேன்.

நம்ம ஏரி மண் ரொம்பச் சூட்டைத் தாங்காது, உருகி வளைந்துவிடும். அதனால் சீனக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் கலந்த மண்ணைப் பயன்படுத்துகிறார். மண் உருண்டையைச் சக்கரத்தின் சரியான நடுவில் நிறுத்துவதுதான் முதல் பாடம். கொஞ்சம் விலகினாலும் பாத்திரம் ஆட்டம் போடும்! பாத்திரம் பாதி காய்ந்ததும் திருப்பி வைத்து, அடியில் இருக்கும் அதிக மண்ணைச் செதுக்குவார். கைப்பிடி ஒட்டுவதும் அப்போதுதான். பிறகு நிழலில் மெதுவாகக் காயணும்.

இரண்டு முறை சூளை

முதல் சூளையில் சுமார் 950 டிகிரி சூடு. இதில் மண் கெட்டியாகும், ஆனால் தண்ணீரை உறிஞ்சும். பிறகு கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சுக் கரைசலில் முக்கி, மறுபடியும் சுமார் 1280 டிகிரியில் சுடுவார்கள். அப்போது மண்ணே இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும், தண்ணீர் கசியாது. நம்ம வீட்டுப் பானை இதைவிடக் குறைந்த சூட்டில் சுட்டது. அதில் உள்ள நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது.

சூளைக்குள் போதுமான சூடு வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ‘கோன்’ என்ற சின்னக் கூம்புகளை உள்ளே வைப்பார்கள். குறிப்பிட்ட சூடு வந்ததும் அது தலை குனியும். சின்ன ஓட்டை வழியாக மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மாமாவின் நோட்டு

பட்டறைச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓடுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு எண். நோட்டில் அதே எண்ணுக்கு நேராக என்ன கலந்தார், எவ்வளவு கலந்தார் என்று எழுதியிருக்கிறார். கிளேஸில் இரும்பு ஆக்சைடு 1 அல்லது 2 சதவீதம் சேர்த்து, காற்றைக் குறைத்து எரித்தால் வெளிர் பச்சை. 8 முதல் 10 சதவீதம் ஆனால் பழுப்பும் கறுப்பும். தாமிரம் நல்ல காற்றில் பச்சை, காற்றுக் குறைந்தால் சிவப்பு! வேதியியலில் படித்த ஒடுக்கம்தான் இது. சூளையில் எரித்த சவுக்குக் கட்டையின் சாம்பலைக்கூட மாமா சலித்து கிளேஸில் சேர்க்கிறார்.

“ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும் மாப்ள. ரெண்டை மாத்தினா எதனால வந்துச்சுன்னு தெரியாது” என்றார்.

“நல்லா வராததையும் எழுதியிருக்கீங்களே மாமா?”

“அதைத்தான் முக்கியமா எழுதணும். இல்லேன்னா அடுத்த வருஷம் அதே தப்பைப் பண்ணுவேன்.”

யோசனை எங்கிருந்து வருகிறது?

1971-இல் ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்ற ஒருவரிடம்தான் மாமா தொழில் படித்தார். ஒருநாள் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு என்னைக் கூட்டிப்போய், அரிக்கமேட்டில் கிடைத்த ஓடுகளைக் காட்டினார். சில தட்டுகளின் உட்பக்கம், பல்சக்கரம் உருட்டியது போல வட்ட வட்டமாகச் சின்னக் குழிகள். மாமா பழைய கடிகாரத்தின் பல்சக்கரத்தை ஒரு குச்சியில் மாட்டி, ஈரக் கிண்ணத்தில் உருட்டி அதே மாதிரி கோலம் போடுகிறார்!

நான் செய்த தப்பு

நானும் ஒரு டம்ளர் செய்தேன். அடிப்பகுதி ஒரு செ.மீ. தடிமன். ஐந்தாம் நாள் சூளை அடுக்கும்போது மாமா கேட்டார், “கன்னத்துல வெச்சுப் பார்த்தியா? ஜில்லுனு இருந்தா இன்னும் காயலேன்னு அர்த்தம்.” வைத்துப் பார்த்தேன். அடி ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன் எடுத்துக்கொண்டு போகணும் என்ற ஆசை. “நல்லா காய்ஞ்சிடுச்சு மாமா” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தோம். என் டம்ளர் இருந்த இடத்தில் வெறும் சில்லுகள். உள்ளே இருந்த ஈரம் நீராவியாகி வெடித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த இரண்டு கிண்ணங்களும் உடைந்துபோயின. அவை ஒரு ஓட்டலுக்குத் தரவேண்டிய பன்னிரண்டு கிண்ண ஆர்டரில் இரண்டு. மாமா போனில் அவர்களிடம் மூன்று வாரம் தவணை கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன்.

மாமா திட்டவில்லை. நோட்டை நீட்டி, “நீயே எழுது” என்றார். எழுதினேன்: ‘டம்ளர். அடி 1 செ.மீ. காயவில்லை. காய்ந்தது என்று சொன்னேன்.’ மறுநாள் அந்த இரண்டு கிண்ணங்களுக்கும் நான்தான் மண் பிசைந்தேன்.

ஊருக்கு வரும் முன் இன்னொரு டம்ளர் செய்தேன், மெல்லிய அடியோடு. நன்றாகக் காயவிட்டுச் சுட்டு, போன மாதம் மாமா அனுப்பினார். கொஞ்சம் கோணல்தான். நம் வகுப்பில் சாக்பீஸ் வைக்கிறோமே, அந்த டம்ளர்தான் அது!

உங்களுக்குத் தெரியுமா?

* தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1600 மடங்கு இடம் வேண்டும்.
* பச்சை மண்ணில் 10 செ.மீ. உயரம் செய்த கப், இரண்டு சூளையும் முடிந்தால் சுமார் 9 செ.மீ. ஆகிவிடும்.
* அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இத்தாலி நாட்டு மண்பாண்டத் துண்டுகளும் அங்கே கிடைத்தன.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்