பழைய டிராக்டருக்குப் புதிய பிரேக் ஷூ

வட இந்தியாவின் கோதுமை வயல்களில் சிவப்பு நிற மாசி ஃபெர்குசன் டிராக்டர்கள் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. அவற்றுள் பல சென்னையோடு தொடர்புடையவை. 1960ஆம் ஆண்டில் அந்நகரில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம், மாசி ஃபெர்குசன் நிறுவனத்துடன் இணைந்து இந்திய உழவர்களுக்காக டிராக்டர்களை உருவாக்கியது. அவ்வரிசையில் மூத்ததான ‘மாசி ஃபெர்குசன் 35’, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1950களின் பிற்பகுதியில் வெளிவந்ததாகும். எளிய அமைப்புடையதாதலின், நன்கு பேணப்பட்டால் இவ்வகை வண்டி தலைமுறை கடந்தும் ஓடும்.

முதிய டிராக்டரின் எஞ்சின் கெட்டால் வண்டி நகராது. பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. இரண்டாவதே அஞ்சத்தக்கது. கரும்பையோ நெல் மூட்டைகளையோ ஏற்றிய டிராலி பின்னாலிருந்து தள்ளும்போது அவ்வளவு சுமையையும் டிராக்டரின் பிரேக்கே தாங்க வேண்டும். பல டிராலிகளுக்குத் தனி பிரேக் இருப்பதில்லை.

இவ்வகை டிராக்டரில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. ஒவ்வொரு பின்சக்கரத்தின் உட்புறத்திலும் 14 அங்குல விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் ஒன்று சக்கரத்துடன் சேர்ந்து சுழலும். அதனுள் பிறை வடிவிலான இரண்டு ஷூக்கள் சுழலாமல் அமைந்திருக்கும். அவற்றின் வெளிவளைவில் ‘லைனிங்’ எனப்படும் சொரசொரப்பான பட்டை ஒட்டப்பட்டோ ரிவிட் அடிக்கப்பட்டோ இருக்கும். பிரேக் மிதியை அழுத்தியதும் ஷூக்கள் விரிந்து டிரம்மில் உராயும். வண்டியின் வேகம் வெப்பமாக மாறி வெளியேறும். லைனிங் தேய்ந்து ரிவிட் தலைகள் டிரம்மைத் தொடும்போது கிறீச்சென்ற ஒலி எழும். அவ்வொலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் டிரம்மிலும் ஆழமான வரிப்பள்ளங்கள் விழுந்துவிடும்.

இடச்சக்கரத்திற்கு ஒன்றும் வலச்சக்கரத்திற்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் உள்ளன. தேர்த்திருவிழாவில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போடுவோரைக் கண்டவர்கள் இதன் பயனை எளிதில் உணர்வர். ஒரு பக்கச் சக்கரத்திற்கு மட்டும் கட்டையிட்டால் தேர் அப்பக்கம் திரும்பும். இருபக்கமும் இட்டால் நிற்கும். அவ்வாறே வயலின் ஓரத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தி டிராக்டரைக் குறுகிய இடத்தில் திருப்பலாம். சாலைக்கு வந்ததும் இரண்டு மிதிகளையும் அவற்றை இணைக்கும் கொக்கியால் பூட்டிவிட வேண்டும். விரைந்து செல்லும்போது ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி சட்டெனத் திரும்பிக் கவிழக்கூடும்.

ஒரு பக்கத்தில் புதிய ஷூவும் மறுபக்கத்தில் தேய்ந்த ஷூவும் இருந்தால், கொக்கி பூட்டியிருந்தும் இதே இடர் நேரும். உழவர் அடிக்கடி திரும்பும் பக்கத்து ஷூ விரைவில் தேய்வதால், அதை மட்டும் மாற்றினால் போதும் எனத் தோன்றும். செலவும் பாதியாகும். ஆயினும் தேர்ந்த மெக்கானிக் அதற்கு இசையமாட்டார். இரு பக்கத்திலும் ஒருங்கே மாற்றுவார்.

வேலையைச் சமதளத்தில்தான் தொடங்க வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்துவர். பின்னர் அச்சுக்கூட்டின் அடியில் ஜாக்கி வைத்து உயர்த்தி, உறுதியான தாங்கியின் மீது வண்டியை இறக்குவர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை வைப்பது கூடாது. பின்சக்கரம் மிகவும் கனமானது. டயருக்குள் நீர் நிரப்பியிருந்தால் அதன் எடை இன்னும் கூடும். எனவே அதைக் கழற்ற இருவரேனும் வேண்டும்.

டிரம்மைப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, துருவினால் இறுகியிருப்பின் சுற்றிலும் மெதுவாகத் தட்டி வெளியே இழுக்கலாம். உள்ளே படிந்திருக்கும் கரும்பொடியை ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் நுண்ணிழைகள் நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை. ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் எவ்வாறு மாட்டப்பட்டிருந்தன என்பதைக் கழற்றுமுன் வரைந்து வைத்துக்கொள்வோரும் உண்டு. படம் எடுத்துக்கொள்வது இன்னும் எளிது.

இனிதான் பொறுமை வேண்டும். டிரம்மின் உட்புறம் எண்ணெய்ப் பசையோடு இருந்தால், அச்சின் ஆயில் சீல் கசிகிறது என்பது பொருள். அதை மாற்றாமல் புதிய ஷூவைப் பொருத்தினால் சில நாளில் அதுவும் எண்ணெயில் ஊறி வழுக்கும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் பொருத்துவதும் பயனற்றது. மேற்பரப்பு உலர்ந்ததுபோல் தோன்றினாலும், பிரேக் சூடேறும்போது உள்ளே தங்கிய எண்ணெய் வெளியே கசியும்.

சீலைச் சரிசெய்து, டிரம்மில் விரிசல் இல்லை என உறுதிசெய்தபின், கிரீஸ் படாத கைகளால் புதிய ஷூக்களைப் பொருத்தி ஸ்பிரிங்குகளை மாட்ட வேண்டும். ஸ்பிரிங்குகள் தெறித்துக் கண்ணில் படக்கூடும். ஆதலால் கண்ணாடி அணிவது நன்று. டிரம்மை மூடியபின், திருப்புளியால் சரிசெய்யும் பற்சக்கரத்தைத் திருப்பி ஷூக்களை டிரம்மைத் தொடுமளவு விரித்து, டிரம் தடையின்றிச் சுழலும் வரை சிறிது பின்வாங்குவர். இதை இரு பக்கத்திலும் ஒரே அளவில் செய்வதே மிக நுட்பமான வேலை.

சக்கரங்களை மாட்டி நட்டுகளை முடுக்கியபின், மிதிகளைக் கொக்கியால் பூட்டி, ஆளில்லாத வெட்டவெளியில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பர். பிரேக் பிடித்ததும் வண்டி நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால், அப்பக்கத்து ஷூவைச் சற்றுத் தளர்த்தியோ மறுபக்கத்தை இறுக்கியோ மீண்டும் பார்ப்பர். புதிய லைனிங் டிரம்மோடு படியும்போது இடைவெளி சிறிது கூடும். ஆகவே சில நாள் ஓட்டியபின் மறுபடியும் சரிசெய்வதோடு, சக்கர நட்டுகளையும் இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்பர்.