கிட்டிப்புள்

மாணவர்களே! இரண்டு குச்சிகளும் ஒரு திறந்த வெளியும் இருந்தால் கிட்டிப்புள் ஆடலாம். எதனையும் விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பெற்றுவரும் இவ்விளையாட்டைக் 'கில்லி' என்றும் கூறுவர்.

நீங்கள் வாழும் பகுதியிலும் இதனைக் கண்டிருப்பீர்கள். இந்தியில் குல்லி டண்டா, மராத்தியில் விட்டி தாண்டு, கன்னடத்தில் சின்னி தாண்டு, மலையாளத்தில் குட்டியும் கோலும் என இது வழங்கப்பெறுகின்றது. பெயர்கள் பல; ஆட்டம் ஒன்றே.

கருவிகள்

நீண்ட கோல் 'கிட்டி' எனப்படும். அது ஏறத்தாழ ஒரு முழம் இருக்கும். சிறிய துண்டு 'புள்' எனப்படும். அது ஏறத்தாழ அரைச் சாண் நீளமுடையது. இரு முனைகளும் கூராகச் சீவப்பட்டது. கூரிய முனைகள் தரையில் படியாமல் சற்றே உயர்ந்து நிற்கும். அதனால் ஒரு முனையைத் தட்டியதும் அம்முனை கீழிறங்க, புள் துள்ளி மேலெழும். புள் என்னும் சொல்லுக்குப் பறவை என்ற பொருளும் உண்டு. பறந்து செல்லும் இத்துண்டுக்கு அப்பெயர் நன்கு பொருந்துகின்றது.

ஆடும் முறை

ஆடுவோர் இரண்டு அணிகளாகப் பிரிவர். தரையில் சிறிய நீள்குழி ஒன்றைத் தோண்டி, அதன் குறுக்கே புள்ளை வைப்பர். ஆடுபவர் கிட்டியின் நுனியைப் புள்ளின் அடியில் செலுத்தி, முன்னோக்கி நெம்பி எறிவார். தரையில் விழுமுன் எதிரணியினர் அதனைப் பிடித்துவிட்டால் அவர் ஆட்டமிழப்பார்.

பிடிக்க இயலாவிடில், ஆடுபவர் கிட்டியைக் குழியின் குறுக்கே வைப்பார். எதிரணியினர் ஒருவர், புள் விழுந்த இடத்தில் நின்று அதனைக் கிட்டியை நோக்கி எறிவார். கிட்டியின்மீது பட்டாலும் ஆட்டமிழப்பே.

படாவிட்டால், ஆடுபவர் புள்ளின் முனையைத் தட்டி, அது எழும்பும்போதே ஓங்கி அடிப்பார். இதற்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்புகள் தரப்படும். புள் விழுந்த இடத்திலிருந்து குழிவரை உள்ள தொலைவைக் கிட்டியால் அளப்பர். எத்தனை கிட்டி நீளமோ, அத்தனை புள்ளிகள்.

அடிக்கப்பட்ட புள் மிக விரைந்து வரும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும். ஆகவே, அடிப்பவருக்கு அருகில் எவரும் நிற்றல் கூடாது.

நடுவர் இல்லாத ஆட்டம்

விதிகள் ஊருக்கு ஊர் சிறிது மாறுபடும். எனவே, ஆட்டம் தொடங்குமுன் அவற்றைப் பேசி முடிவு செய்வர். "பட்டது", "படவில்லை" என எழும் பூசலையும் தாமே தீர்த்துக்கொள்வர். அங்கே செல்வர், வறியவர் என்ற வேறுபாடு இல்லை.

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் இவ்விளையாட்டின் பெயரிலேயே ஒரு சிறுகதை எழுதியுள்ளார். பொறியாளராக உயர்ந்த ஒருவர், குதிரை பராமரிக்கும் தம் பழைய தோழனோடு மீண்டும் ஆடுகின்றார். அவர் ஏமாற்றி ஆடியும் தோழன் வாதாடவில்லை. மறுநாள், தோழன் பிறரோடு மிகத் திறமையாக ஆடுவதைக் கண்ட பின்னரே, முன்னாள் அவன் தமக்காக விட்டுக்கொடுத்தான் என்பது அவருக்குப் புரிகின்றது. பதவி இடையே வந்ததும் பழைய சமநிலை மறைந்துவிட்டது. சிறுவயதில் சண்டையிட்டு ஆடிய உரிமையே உண்மையான நட்பு என்பதை இக்கதை உணர்த்துகின்றது.

கோடை விடுமுறையில் நீங்கள் ஊருக்குச் செல்லும்போது, அங்குள்ள சிறுவர்களின் பேச்சு விரைவாகத் தோன்றலாம்; உங்கள் தமிழ் சற்றுத் தயங்கலாம். அதற்காக ஒதுங்கி நிற்க வேண்டா. கிட்டியைக் கையில் எடுங்கள். ஆட்டம் முடிவதற்குள் சொற்கள் தாமே வந்து சேரும்.

சொற்பொருள்

முழம் – முழங்கை முதல் நடுவிரல் நுனிவரை உள்ள நீளம்
சாண் – விரித்த கையின் பெருவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனிவரை உள்ள நீளம்
பூசல் – சச்சரவு
வறியவர் – ஏழை

வினாக்கள்

1. புள்ளின் முனைகளைக் கூராகச் சீவுவது ஏன்?
2. ஆடுபவர் எவ்வெவ்வாறு ஆட்டமிழப்பார்?
3. தோழன் வாதாடாமல் இருந்தது ஏன்? உம் கருத்தை எழுதுக.

செயல்பாடு

உம் தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்கள் ஊரில் ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேட்டறிந்து, அதன் விதிகளை ஐந்து தொடர்களில் எழுதி வருக.