பிஞ்சு விரல்களும் முதல் எழுத்துக்களும்

தமிழகத்து முஸ்லிம் இல்லத்தில் வளரும் ஒரு குழந்தை, ஐந்து வயதை எட்டுவதற்குள் பெரும்பாலும் மூன்று மொழிகளின் எழுத்துக்களைச் சந்தித்து விடுகின்றது. வீட்டிலும் தெருவிலும் தமிழ். மழலையர் பள்ளியில் ஆங்கிலம். காலையிலோ மாலையிலோ மதரஸாவில் அரபி. தமிழுக்கு உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துக்கள். அரபிக்கு 28. ஆங்கிலத்துக்கு 26 என்றாலும், பெரியதும் சிறியதுமாக 52 வடிவங்கள். போதாக்குறைக்குத் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகச் செல்ல, அரபி வலமிருந்து இடமாகச் செல்கின்றது.

இத்தனையையும் எழுதப் போகின்ற அந்தக் கை எப்படிப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்கின்றோமா? மூன்று வயதுக் குழந்தையின் விரல்களில் பென்சிலைத் திணித்து, "ஒரு பக்கம் எழுதி முடித்தால்தான் விளையாட்டு" என்று உட்கார வைத்து விடுகின்றோம். பிள்ளை அழுகின்றது. கோடு கோணுகின்றது. தாய்க்குக் கோபம் வருகின்றது. எழுத்து என்றாலே ஏச்சும் அழுகையும் என்று அந்தப் பிஞ்சு உள்ளம் பதிவு செய்து கொள்கின்றது. கல்வியின் வாசலிலேயே அச்சம் காவல் நின்றுவிட்டால், பிறகு எத்தனை பள்ளிக்கூடங்கள் மாற்றி என்ன பயன்?

கை பக்குவப்படட்டும்

மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை எட்டுமே குருத்தெலும்பாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாகி இறுகுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. பொதுவாக மூன்று வயதளவில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும். நான்கு வயதளவில் கூட்டல் குறியை வரையும். சதுரத்துக்கு நாலரை வயது, முக்கோணத்துக்கு ஐந்து வயது என்பது குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தோர் கூறும் பொதுக் கணக்கு. சில பிள்ளைகள் முந்தலாம், சில பிந்தலாம்.

இந்தக் கணக்கை வைத்துத் தமிழின் முதலெழுத்தைப் பாருங்கள். 'அ' என்பதில் சுழி இருக்கின்றது, வளைவு இருக்கின்றது, குறுக்குக் கோடு இருக்கின்றது, நெடுக்குக் கோடும் இருக்கின்றது. வட்டம் ஒன்றை வரைவதற்கே திணறும் கையிடம் அதை எழுதக் கேட்பது எப்படி நியாயமாகும்? ஆனால், அதே குழந்தையால் 'அ'வைத் தொட்டு அறிய முடியும். மாவில் உருட்ட முடியும். புளியங்கொட்டையால் அடுக்க முடியும். எழுதுவதற்கு முன்னே எழுத்தைச் செய்து பார்க்கட்டும் என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வரும் செய்தி.

இது புதிதன்று. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை எழுத வைத்தே பாடம் தொடங்கினார்கள். ஓலையும் எழுத்தாணியும் பிற்பாடுதான் கைக்கு வந்தன. 1907 ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும் முறையை உலகுக்குத் தந்தார். அவர் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். நமது நாட்டில் 2022 இல் வெளியிடப்பட்ட அடித்தளப் பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டமும் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியே கற்பிப்பதை வலியுறுத்துகின்றது.

இனி, செலவின்றி வீட்டிலேயே செய்யத்தக்க சில வேலைகளைப் பார்ப்போம்.

தடவி அறியும் எழுத்து

வன்பொருள் கடையில் உப்புத்தாள் கிடைக்கும். மிக நைஸான தாளாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளங்கை அளவுக்கு எழுத்தை வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். உப்புத்தாள் இல்லையென்றாலும் குறையில்லை. அட்டையில் பசையால் எழுத்தை வரைந்து, அதன்மேல் சலித்த மணலைத் தூவிக் காய வைத்துத் தட்டிவிட்டால் போதும். பசைக்கு மைதாக் கஞ்சியே போதுமானது.

எழுத்து தொடங்கும் இடத்தில் சிறு பச்சைக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். "பச்சையில் தொடங்க வேண்டும்" என்று குழந்தைக்குச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, எழுதும் திசையிலேயே எழுத்தைத் தடவட்டும். தடவும்போதே அதன் ஒலியையும் சொல்லட்டும். கண் காண, காது கேட்க, விரல் உணர, மூன்று வழியாக எழுத்து உள்ளே செல்கின்றது. தமிழ் எழுத்துக்களை மஞ்சள் அட்டையிலும் அரபி எழுத்துக்களைப் பச்சை அட்டையிலும் செய்து வைத்தால், எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்னும் குழப்பம் குறையும். இரண்டையும் ஒரே அமர்வில் கலக்க வேண்டாம்.

பழைய திருமண அழைப்பிதழ்களின் அட்டை இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானது. ஆனால், நம் இல்லங்களின் அழைப்பிதழ்களில் பிஸ்மியும் திருவசனங்களும் அச்சிடப்பட்டிருக்கக் கூடும். அப்பகுதியைக் கத்தரிக்கோலுக்கு இரையாக்காமல், எழுத்தில்லாத வெற்று அட்டையை மட்டும் பயன்படுத்துங்கள்.

மாவில் உருளும் எழுத்து

சப்பாத்திக்கு மாவு பிசையும்போது எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் திரிபோல உருட்டச் சொல்லுங்கள். அந்தத் திரியை நிமிர்த்தி வைத்தால் அதுவே 'அலிஃப்'. அரபியின் முதலெழுத்து ஒரே நேர்கோடாக அமைந்திருப்பது குழந்தைக்கு எவ்வளவு வசதி! முதல் நாளே, "நானும் ஓர் எழுத்தைச் செய்துவிட்டேன்" என்னும் பெருமை அதன் முகத்தில் மலர்ந்து விடும்.

தமிழில் அதே வசதியைத் தருவது 'ட'. ஒரு திரியை நடுவில் மடக்கினால் 'ட' ஆயிற்று. வலப்பக்கம் இன்னொரு திரியை நிறுத்தினால் 'ப'. அந்த வலப்பக்கத்தை வளைத்துச் சுழித்தால் 'ம'. நெடுங்கணக்கின் வரிசை வாயால் ஓதுவதற்கு உரியது. கையால் செய்வதற்கு எளியதிலிருந்து தொடங்குவதே முறை. மூன்றெழுத்துக்கள் தெரிந்த உடனேயே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று சொற்களைக் காட்டலாம்.

செய்த எழுத்தைக் காய வைத்துப் பாதுகாக்க விரும்பினால், மைதா இரண்டு கோப்பை, தூளுப்பு ஒரு கோப்பை என்ற அளவில் கலந்து, தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கெட்டியாகப் பிசைந்து கொள்ளுங்கள். மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ சேர்த்தால் நிறம் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இந்த மாவில் உப்பு மிக அதிகம். குழந்தை இதைத் தின்றுவிட்டால் உடலுக்குப் பெருங்கேடு.

தோணியும் பொத்தானும்

அரபி எழுத்துக்கள் 28இல் 15 எழுத்துக்கள் புள்ளி உடையவை. பல எழுத்துக்களுக்கு உடல் ஒன்றே, புள்ளிதான் வேறுபாடு. பெரியவர்களுக்கே தடுமாற்றம் தரும் இந்த இடத்தை ஒரு விளையாட்டாக மாற்றி விடலாம்.

அட்டையில் ஆழமில்லாத தோணி ஒன்றை வெட்டுங்கள். பழைய சட்டைப் பொத்தான்கள் மூன்றை எடுத்துக் கொள்ளுங்கள். தோணிக்குக் கீழே ஒரு பொத்தான் வைத்தால் 'பா'. மேலே இரண்டு வைத்தால் 'தா'. மேலே மூன்று வைத்தால் 'ஸா'. தோணிக்குப் பதில் ஆழமான கிண்ணத்தை வெட்டி, மேலே ஒன்றை வைத்தால் 'நூன்'. பெருவயிறு போன்ற வளைவை வெட்டி, வயிற்றுக்குள் ஒரு பொத்தான் வைத்தால் 'ஜீம்', எடுத்துவிட்டால் 'ஹா', தலைக்கு மேல் வைத்தால் 'கா'. பொத்தானை நகர்த்தும் கைக்கு எழுத்தின் இலக்கணமே புரிந்து விடுகின்றது.

ஒலியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. தமிழில் 'ஹா' என்று ஒரே விதமாக எழுதப்படும் அரபி எழுத்துக்கள் இரண்டு. அவற்றின் ஒலிகள் வேறு. எனவே, வடிவத்தை வீட்டில் செய்து பழகட்டும். உச்சரிப்பை உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டுத் திருத்திக் கொள்ளட்டும்.

அதே பொத்தானைத் தமிழுக்கும் கொண்டு வாருங்கள். 'க' எழுதிய அட்டையின் தலைமேல் பொத்தானை வைத்தால் 'க்'. எடுத்தால் மீண்டும் 'க'. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் பழைய விதி. அதை நான்கு வயதுக் குழந்தை பொத்தானால் கற்றுக் கொள்கின்றது. பிறகு, துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகியவற்றைத் தனித்தனி அட்டைத் துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். 'ம' அட்டைக்குப் பக்கத்தில் துணைக்காலை நிறுத்தினால் 'மா'. முன்னால் ஒற்றைக் கொம்பை வைத்தால் 'மெ'. இரண்டையும் சேர்த்தால் 'மொ'. 247 என்று மலைக்க வைத்த கூட்டம், சில துண்டுகளின் சேர்க்கைதான் என்பது அப்போது விளங்கும்.

நம் முன்னோர் இந்த நுட்பத்தை நன்கறிந்தவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கை வரை வழங்கிய அரபுத்தமிழில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்துக்களிலேயே புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புது எழுத்துக்களை அமைத்துக் கொண்டார்கள். தமிழ் நெடுங்கணக்கை அறியாத எத்தனையோ பாட்டிமார் அவ்வெழுத்துக்களின் துணையால் தமிழ் நூல்களைப் படித்தார்கள்.

கவனம் தேவை

மூன்று வயது நிறையாத குழந்தைக்குப் பொத்தான், புளியங்கொட்டை, மணி போன்ற சிறு பொருள்களைக் கொடுக்கலாகாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக் கொள்ளும். மூக்கிலும் காதிலும் நுழைத்துக் கொள்வதும் உண்டு. மூன்று வயதைக் கடந்த பிள்ளையாயினும் பெரியவர் ஒருவர் அருகிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பொத்தான்களை எண்ணி எடுத்து வையுங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டிட்ட குன்றிமணி அழகாயிருக்கின்றதே என்று எடுத்து விடாதீர்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு. கத்தரிக்கோல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அரபி எழுத்துக்களைத் தனித்தனியாகச் செய்வதோடு நிறுத்திக் கொள்வது நல்லது. இறைவனின் திருநாமத்தையும் திருவசனங்களையும் கைவேலையாகச் செய்து, அவை தரையில் மிதிபடும் நிலைக்கு ஆளாக வேண்டாம்.

ஒரு நாளைக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். ஓர் எழுத்தை மூன்று நான்கு நாள் வைத்துக் கொள்ளுங்கள். குழந்தை எழுந்து ஓடினால் விட்டு விடுங்கள். பிற்பாடு எழுதத் தொடங்கும்போது சில எழுத்துக்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதும். அதற்காகக் கலங்க வேண்டாம். நான்கு முதல் ஆறு வயது வரை இது பல பிள்ளைகளிடம் காணப்படுவதே. ஏழு வயதைக் கடந்தும் நீடித்து, வாசிப்பிலும் தடுமாற்றம் தெரிந்தால் மட்டும் தக்கவரிடம் ஆலோசனை கேளுங்கள். எக்காரணம் கொண்டும், "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள்.

தாய்மார்களின் தயக்கம்

"எனக்கே படிப்பு வரவில்லை. நான் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறேன், உஸ்தாத்?" என்று கேட்கும் தாய்மார்கள் பலர். மகளை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கி நிற்பதே தமக்கு ஏற்றது என்று அவர்கள் எண்ணுகின்றார்கள். சகோதரிகளே! இங்கே கூறிய வேலைகளில் எதற்குப் பட்டப்படிப்பு வேண்டும்? மாவு பிசையத் தெரிந்த கை உங்களுடையது. துணியில் பொத்தான் வைக்கத் தெரிந்த விரல் உங்களுடையது. எட்டாம் வகுப்போடு நின்றவரும் இதைச் செய்யலாம். தமிழ் படிக்கத் தெரியாத உம்மம்மாவும் பேரப்பிள்ளையோடு அமர்ந்து தோணிக்குப் பொத்தான் வைக்கலாம். அலிஃபும் பாவும் அவர்கள் அறிந்தவைதாமே! பேரனிடமிருந்து அவர்கள் 'ட'வும் 'ப'வும் கற்றுக் கொள்ள நேர்ந்தால் அதைவிடச் சிறப்பு வேறென்ன?

வாப்பாமாருக்கும் இதில் பங்குண்டு. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும்போது விலையுயர்ந்த பொம்மைகளைக் கொண்டு வந்து குவிப்பதைவிட, நாள்தோறும் கால்மணி நேரம் பாயில் அமர்ந்து பிள்ளையோடு ஓர் எழுத்தைச் செய்து பாருங்கள். அந்த எழுத்தோடு உங்கள் முகமும் அதன் நினைவில் பதியும்.

பென்சில் பிடிக்கும் நாள் தானே வரும். அந்நாளில் குழந்தைக்கு எழுத்து அன்னியமாக இராது. மாவில் உருட்டிய, மணலில் தடவிய, பொத்தானால் புள்ளியிட்ட பழைய தோழனாகவே இருக்கும். இன்று மாலை ஒரே ஓர் அட்டையை வெட்டித் தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பிள்ளை அழாமல் எழுதும்.