காது அடைப்பும் மனப்பதற்றமும்

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது: "காது அடைச்ச மாதிரியே இருக்கு. டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லை, டென்ஷனைக் குறைங்கன்னு சொல்றார்." இதைக் கேட்டுத் திரும்புகிறவருக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. 'நான் என்ன பொய்யா சொல்கிறேன்' என்ற வருத்தமே மிஞ்சுகிறது. வீட்டாரும் "எல்லாம் உன் பிரமை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

பிரமை இல்லை. காதுக்கும் மனப்பதற்றத்துக்கும் உடலிலேயே தொடர்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பயமும் குறையும், வைத்தியமும் சரியான இடத்தில் தொடங்கும்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறிய அறை ஒன்று உள்ளது. அதிலிருந்து மூக்கின் பின்பகுதிக்கு ஒரு குழல் செல்கிறது. பெரியவர்களுக்கு அதன் நீளம் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர். பெரும்பாலும் மூடியிருக்கும் இந்தக் குழல், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைச் சமன் செய்கிறது. சளி, ஒவ்வாமையால் குழல் வீங்கினால் அழுத்தம் மாறிக் காது 'கும்' என்று அடைத்துக்கொள்ளும். பேருந்தில் மலையேறும்போது காது அடைப்பதும் அழுத்த வேறுபாட்டால்தான். எனவே அடைப்பு என்றாலே ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருளல்ல.

பதற்றம் காதுக்கு வரும் வழி

முதலாவது, தசை. காதின் உள்ளே சுத்தி எலும்போடு இணைந்த சின்னஞ்சிறு தசை ஒன்று செவிப்பறையை இழுத்துப் பிடிக்கிறது. தாடைத் தசைகளை இயக்கும் அதே நரம்புதான் இதையும் இயக்குகிறது. திடுக்கிட்டால் இது சுருங்கும். எந்நேரமும் பதற்றத்தில் இருப்பவர்களில் சிலருக்கு இது அடிக்கடி இறுகுவதால் அடைப்பு, படபடவென்று துடிப்பது போன்ற உணர்வு ஏற்படுகிறது.

இரண்டாவது, தாடை. காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அசைவது தாடை மூட்டு. கவலையில் பகலில் பல்லை இறுக்குவதும் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும் இந்த மூட்டை நோகச் செய்யும். அந்த வலியும் இறுக்கமும் காதிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

மூன்றாவது, மூச்சு. பயத்தில் வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல்களும் உதடும் மரத்துப்போகும். காதடைப்போடு இதுவும் சேர்ந்தால் பெரிய நோய் வந்துவிட்டதாக மனம் அஞ்சும்.

திரும்பி வரும் வழியும் உண்டு. காது அடைத்தால் தன் குரலே தனக்கு முழங்கும், பிறர் பேச்சு தெளியாது, இரைச்சல் கேட்கும். 'செவிடாகிவிடுவோமோ' என்ற அச்சத்தில் தூக்கம் கெடும். ஓயாமல் எச்சில் விழுங்கி, மூக்கைப் பிடித்து ஊதி, காதைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். கவனம் அங்கேயே நிற்க நிற்க, சாதாரண ஒலியும் தொல்லையாகிறது. இப்படிப் பதற்றம் அடைப்பை வளர்க்க, அடைப்பு பதற்றத்தை வளர்க்கிறது.

முதலில் காதைப் பாருங்கள்

இவ்வளவும் சொன்னதால், காது அடைத்தால் மனம்தான் காரணம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு காதில் திடீரென்று, ஓரிரு நாளில் கேட்கும் திறன் குறைந்தால் அது அவசர நிலை. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தாலும் நோயாளிக்கு அது வெறும் அடைப்பாகவே தெரியும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தால், சிகிச்சையால் கேள்வித்திறன் திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் ஒரு சிறு சோதனை: வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் ஓசை பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கு, சளி போன்ற தடையாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். இது வழிகாட்டி மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது மருத்துவர்.

காதில் சீழ், கடும் வலி, சுற்றிச் சுழலும் தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. காதைக் கருவியால் பார்ப்பது, கேள்வித்திறன் சோதனை, செவிப்பறை அழுத்தச் சோதனை ஆகிய மூன்றும் பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். அவற்றில் வலி கிடையாது.

செய்ய வேண்டியதும் கூடாததும்

பட்ஸ், ஹேர்பின், சாவி எதையும் காதுக்குள் விடாதீர்கள். பட்ஸ் அழுக்கை உள்ளே தள்ளிவிடும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து. உளூவில் காதுக்கு ஈர விரலால் மஸஹ் செய்தால் போதும். துளைக்குள் தண்ணீர் விடத் தேவையில்லை.

சோதனைகளில் கோளாறு இல்லை என்று தெரிந்தால், உதடு சேர்ந்து பற்கள் சேராமல் தாடையைத் தளர்வாக வைத்துப் பழகுங்கள். தாடையில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கடினமான பண்டங்களைச் சில நாள் தவிருங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். முக்கியமாக, காதைச் சோதித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

பதற்றம் வாரக்கணக்கில் நீடித்து உறக்கமும் வேலையும் கெட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். "காதை டாக்டரிடம் காட்டிவிடுவோம், மற்றதையும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், வழிகாட்டுகிறோம்.