ஒரு துப்பாக்கிக்காரரிடம் எத்தனை துப்பாக்கி?

டல்லாஸ் பக்கத்தில் இருக்கிற என் தங்கை போன மாசம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் பையனை ஸ்கூல் நண்பன் ஒருவன் ராத்திரி தங்க வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். "அண்ணா, இங்க நூறு பேருக்கு 120 துப்பாக்கியாமே? அப்படின்னா எல்லார் வீட்டுலயும் இருக்குன்னு தானே அர்த்தம்? நான் எப்படி அனுப்புறது?"

அந்த 120 பொய்யில்லை. ஜெனீவாவில் இருக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு நிறுவனம் 2017-ம் வருஷத்துக்குப் போட்ட கணக்கு அது. அமெரிக்கப் பொதுமக்களிடம் 39.3 கோடி துப்பாக்கி, அதாவது நூறு பேருக்கு 120.5. கைக்குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் வரும். ஆனால் தங்கைக்குத் தெரிய வேண்டியது எத்தனை துப்பாக்கி என்பதில்லை, எத்தனை வீட்டில் என்பது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் ஒரு எண் வேண்டும்: துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவரிடம் வழக்கமாக எத்தனை இருக்கும்? அதைத் தேடப் போய் மூணு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செருப்புக் கணக்கு

அரக்கோணத்துக்காரனுக்குத் துப்பாக்கி பார்ப்பது புதுசில்லை. ஐ.என்.எஸ். ராஜாளி இங்கே இருக்கிறது, தக்கோலம் பக்கம் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் அரசாங்கத் துப்பாக்கி, இந்தக் கணக்கில் வராது. அதனால் நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர் சரக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: ஷூ.

ஷூ வைத்திருக்கிற பத்து பேர். அவர்களிடம் இருக்கும் ஜோடிகள் 1, 1, 1, 2, 2, 3, 4, 5, 8, 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 48. பத்தால் வகுத்தால் சராசரி 4.8. ஆனால் வரிசையில் நடுவில் நிற்கிற ஆளைப் பார்த்தால் அவரிடம் இரண்டோ மூன்றோ ஜோடிதான். இதைத்தான் பள்ளிக்கூடத்தில் இடைநிலை அளவு என்று படித்தோம். கடைசி ஆசாமி ஒருத்தர் சராசரியைத் தூக்கிவிட்டார்.

மூணாவதாக ஒரு பதிலும் உண்டு. ஆளைக் கேட்காமல் ஷூவைக் கேளுங்கள். 48 ஜோடியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, "உன் முதலாளிகிட்ட மொத்தம் எத்தனை ஜோடி?" என்று கேட்டால், சராசரியாக வரும் பதில் கிட்டத்தட்ட 12. ஏனென்றால் எடுக்கிற ஷூ அந்த 21 ஜோடிக்காரர் வீட்டிலிருந்து வர வாய்ப்பு அதிகம். பஸ்ஸில் எப்பவும் கூட்டமாகவே இருப்பதாக நமக்குத் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். கூட்டமான பஸ்ஸில்தான் நிறைய பேர் இருக்கிறார்கள், காலி பஸ் காலி என்று சொல்ல அதில் ஆளே இல்லை.

ஒரே பத்து பேர், மூணு பதில்: 2.5, 4.8, 12. மூணும் சரி. கேள்விதான் வேற வேற.

அமெரிக்காவின் பதில்

அங்கே மத்திய அரசு துப்பாக்கிக்கு ஒரு பொதுப் பதிவேடு வைக்க 1986-ம் வருஷச் சட்டம் தடை போடுகிறது. அதனால் எண்ணிப் பார்க்க வழியில்லை, ஆட்களைக் கேட்டுத்தான் மதிப்பிட வேண்டும். 2015-ல் ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய தேசிய அளவிலான சர்வேயில் வந்த மதிப்பீடு: சுமார் 26.5 கோடி துப்பாக்கி, 5.5 கோடி உரிமையாளர்கள். வகுத்தால் 4.8. (மேலே ஷூ எண்களை நான் ஏன் அப்படி எடுத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.)

ஆனால் அந்த சர்வேயிலேயே உரிமையாளர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஒன்றோ இரண்டோதான் இருந்தன. மொத்தத் துப்பாக்கிகளில் பாதி, உரிமையாளர்களில் 14 சதவீதம் பேரிடம் இருந்தது. 5.5 கோடியில் 14 சதவீதம் 77 லட்சம். 13 கோடி சொச்சத்தை 77 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு 17. மிச்சமிருக்கும் 86 சதவீதம் பேருக்கு அதே 13 கோடியைப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்றுக்கும் குறைவு.

பியூ ஆராய்ச்சி மையத்தின் 2017 சர்வேயும் இதே படத்தைத்தான் காட்டுகிறது. வயதுவந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் ஒன்றே ஒன்று. ஐந்தும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் 29 சதவீதம். தன்னிடம் இல்லை, ஆனால் வீட்டில் வேறொருவரிடம் இருக்கிறது என்றவர்களையும் சேர்த்தால் பத்தில் நான்கு பேர் துப்பாக்கி இருக்கும் வீட்டில் வாழ்கிறார்கள்.

ஆக, நூறு பேருக்கு 120 துப்பாக்கி இருக்கிற நாட்டிலும் பத்தில் ஆறு பேர் வீட்டில் ஒன்றுகூட இல்லை. தங்கை முதலில் நினைத்த அளவுக்கு மோசமில்லை.

இந்தியாவில் வகுத்தால் வரும் வில்லங்கம்

இங்கே நிலைமை நேர் எதிர். சட்டமே உச்சவரம்பு போட்டிருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தில் 1983-ல் செய்த திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று வைத்தது. 2019 டிசம்பரில் அது இரண்டாகக் குறைந்தது. மசோதா முதலில் வந்தபோது ஒன்றுதான் என்று இருந்தது, எதிர்ப்பு வந்ததும் இரண்டாக்கினார்கள். 21 ஜோடிக்காரருக்கு இங்கே சட்டப்படி இடமே இல்லை. அதனால் சராசரியும் இடைநிலை அளவும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கணக்கு சுலபம் என்று நினைத்தேன்.

உள்துறை அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2016 கடைசியில் நாடு முழுக்க 33.69 லட்சம் ஆயுத லைசென்ஸ். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் 22,532. 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் உ.பி.யில் 156 பேருக்கு ஒரு லைசென்ஸ், நம்ம ஊரில் 3,200 பேருக்கு ஒன்று.

ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே கணக்கில் இந்தியாவில் பதிவான துப்பாக்கி 97 லட்சம். 97-ஐ 33.69-ஆல் வகுத்தால் 2.88.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ப்ரொடக்ஷனில் பக் மாட்டின மாதிரி இருந்தது. உச்சவரம்பு 3, சராசரி 2.88! இது நடக்க வேண்டுமென்றால், மூன்றுக்குக் கீழே உள்ள எல்லாரிடமும் இரண்டு இருந்தாலும்கூட 88 சதவீதம் பேரிடம் மூன்று இருந்தாக வேண்டும். மற்றவர்களிடம் ஒன்றுதான் என்றால் 94 சதவீதம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ்காரர்கள் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைப்பதைப் பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். ஆளுக்கு மூன்றா தூக்கிக்கொண்டு வருகிறார்கள்? தோட்டத்துக்கு ஒரு குழல் துப்பாக்கி, அல்லது தாத்தா காலத்து ஒன்று, அவ்வளவுதான். லைசென்ஸ் வாங்கிவிட்டு இன்னும் துப்பாக்கியே வாங்காதவர்களும் உண்டு.

ஆக அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளை எண்ணவில்லை. இங்கே லைசென்ஸை எண்ணினால் ஆளை எண்ணினதாகாது. பாங்க் வாசலில் நிற்கிற காவலர் கையில் இருப்பது நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம். குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. அவர்கள் துப்பாக்கி லைசென்ஸ் கணக்கில் ஏறாது. வேற வேற இடத்தில், வேற வேற முறையில் எண்ணிய இரண்டு எண்களை வகுத்தால் கால்குலேட்டர் மறுக்காமல் ஒரு விடை கொடுக்கும். அது விடை என்று நம்புவது நம் தப்பு. இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் வழக்கமாக எத்தனை என்று என்னைக் கேட்டால், ஒன்று என்பேன்.

லைசென்ஸ் இல்லாதது இதைவிடப் பெரிய பூதம். அதே நிறுவனம் இந்தியாவில் பதிவில்லாத துப்பாக்கி 6.14 கோடி என்கிறது. 2011 கணக்கில் நம் நாட்டில் சுமார் 25 கோடிக் குடும்பங்கள். ஆளுக்கு ஒன்று என்றால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கள்ளத்துப்பாக்கி! ஆளுக்கு மூன்று என்றால் பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்று. துப்பாக்கி எண்ணிக்கை மாறவே இல்லை. நடுவில் போட்ட அந்த ஒரு எண் மாறியதும் நாடே வேற மாதிரி தெரிகிறது.

யாரிடமிருந்து எடுக்கிறோம்

இதெல்லாம் எதற்கு என்றால், பாதுகாப்புக் கணக்கு இதில்தான் நிற்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அதற்கு ஒரு துப்பாக்கி போதும். வீட்டுக்கு முதல் துப்பாக்கி வரும்போது ஆபத்து எகிறுகிற அளவுக்குப் பதினேழாவது வரும்போது எகிறாது. திருட்டுப்போய் வெளியே கைமாறுவது வேற கணக்கு. அதில் பதினேழும் பதினேழுதான்.

ஜவ்வாது மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கும். காட்டுப்பன்றி விரட்ட, வேட்டைக்கு என்று வீட்டில் கிடக்கும் ஒற்றைத் துப்பாக்கி அது. அங்கே நூறு துப்பாக்கி வந்தால் ஏறக்குறைய நூறு வீடு காலியாகிறது. 2019 திருத்தம் செய்தது வேற: மூன்று வைத்திருந்தவரிடம் மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னது. அதனால் துப்பாக்கி குறைந்திருக்கும். துப்பாக்கி இருக்கும் வீடு ஒன்றுகூடக் குறைந்திருக்காது. பேப்பரில் இரண்டுமே "இத்தனை துப்பாக்கிகள் ஒப்படைப்பு" என்றுதான் வரும்.

தங்கைக்கு என்ன சொன்னேன்? ஒரு வீட்டில் துப்பாக்கி இருக்க வாய்ப்பு பத்தில் நான்கு. அவள் ஊரில் இன்னும் கூட இருக்கலாம். பையன் மூன்று நண்பர்கள் வீட்டுக்குப் போகிறவன் என்றால், அதில் ஒரு வீட்டிலாவது இருக்க வாய்ப்பு 78 சதவீதம். அதனால் எத்தனை என்று கேட்காதே, இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, குண்டு தனியாக இருக்கிறதா என்று கேள். அங்கே குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் பாதுகாப்பு முறையும் அதுதான்: குண்டு நிரப்பாமல், பூட்டி, குண்டைத் தனியே பூட்டி வைப்பது.

"கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?" என்றாள். குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்காது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிச் சாதாரணமாகக் கேள் என்றேன்.

கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் ஒன்று இருக்கிறதாம், பெட்டகத்தில் பூட்டி. பையன் போய் தங்கிவிட்டு வந்தான்.