சிபியு பெட்டி ஏன் உறுமுகிறது? செருப்பு ரப்பர், கடப்பைக்கல், கொஞ்சம் இயற்பியல்

கம்ப்யூட்டரின் தகரப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் 'சிபியு' என்றுதான் பெயர். சிபியு என்பது உள்ளே இருக்கிற சின்னச் சில்லு என்று சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், இப்போது நானும் அப்படியே சொல்கிறேன். பழைய ஆபீஸ் பெட்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து வைத்திருந்தேன். பகலில் பொள்ளாச்சி ரோட்டு பஸ், லாரி இரைச்சலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கிணத்துக்கடவு அடங்கின பிறகுதான் அது உறும ஆரம்பிக்கும். "ஏங்கண்ணு, அந்தப் பொட்டி என்னமோ கிரைண்டராட்ட உறுமிட்டே கெடக்குது" என்றார் அம்மா.

அம்மா சொன்னது ரொம்பச் சரியான உவமை. தரையில் சும்மா வைத்த வெட் கிரைண்டர் ஓட ஓட நகரும், வீடே அதிரும். அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டால் அடங்கிவிடும். கிரைண்டருக்குள் எதுவும் மாறவில்லை, அதிர்வு தரைக்குப் போகிற வழிதான் அடைபட்டது. கம்ப்யூட்டர் பெட்டிக்கும் இதே கணக்குதான். சுற்றுகிற மோட்டார் தானாகப் போடுகிற சத்தம் குறைவு. அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அதுதான் ஸ்பீக்கர் மாதிரி வேலை செய்கிறது. ஆகவே முதல் வேலை, எது எதைத் தொடுகிறது என்று கண்டுபிடிப்பது.

விரல் சோதனை

பெட்டி ஓடும்போது சைடு பேனல், மேல் தகடு, முன்பக்க பிளாஸ்டிக், மேஜை என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினதும் சத்தம் நின்றால், சத்தம் போட்டது அந்த இடம்தான். தொடும்போது சுர்ரென்று ஷாக் அடித்தால் சத்தத்தை விட்டுவிட்டு முதலில் பிளக்கின் எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும்.

கம்ப்யூட்டரை ஆஃப் செய்த பிறகும் 'ம்ம்ம்' என்று கேட்டால், குற்றவாளி பக்கத்தில் இருக்கிற யுபிஎஸ்ஸோ ஸ்டெபிலைசரோதான். நம்ம கரண்ட் நொடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதற்கு இரண்டு மடங்காக, நொடிக்கு 100 தடவை அதிரும். அதைப் பெட்டியை ஒட்டாமல் நாலு விரல்கடை தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கிடுகிடு சத்தம்

இது இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று லேசாக மோதுகிற சத்தம். இறுக்கமாக இருந்தால் வராது, விலகி இருந்தாலும் வராது. பட்டும் படாமலும் இருந்தால்தான் வரும்.

கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுற்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கின பெட்டிகளில் பாதி ஸ்க்ரூ காணாமல் போயிருக்கும். அப்புறம் சைடு பேனல் போய் உட்கார்கிற விளிம்பில் துணி டேப் ஒட்டலாம். நான் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கால் அங்குல அகலத்துக்கு வெட்டி, டபுள் சைடு டேப் வைத்து ஒட்டினேன். நம்ம ஊரில் ஃப்ளெக்ஸுக்கா பஞ்சம்! உள்ளே தொங்குகிற ஒயர்கள் தகட்டிலோ ஃபேனிலோ உரசாமல் டேக் போட்டுக் கட்டுங்கள். முன்பக்கத்தில் பயன்படாத டிவிடி டிரைவ் இருந்தால், அதன் ஓரத்தில் அட்டையை மடித்துச் செருகினால் போதும்.

ஏறி இறங்கும் 'ஊம்ம்' சத்தம்

நிமிஷத்துக்கு 1200 சுற்று ஓடுகிற ஃபேன், நொடிக்கு 20 தடவை பெட்டியை உலுக்குகிறது. பக்கத்தில் இன்னொரு ஃபேன் 1230 சுற்றில் ஓடினால், இரண்டும் சில நேரம் ஒரே பக்கம் தள்ளும், சில நேரம் எதிரெதிராகத் தள்ளும். அதனால் அதிர்வு இரண்டு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஒரே சீராகக் கேட்கிற சத்தத்தைக் காது பழகிக்கொள்ளும், இந்த மாதிரி அலைகிற சத்தத்தைப் பழகவே பழகாது.

இதற்கு முதல் வைத்தியம் பெயிண்ட் பிரஷ். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் எவ்வளவு புழுதி என்று சொல்ல வேண்டியதில்லை. அது இறக்கைகளில் சமமில்லாமல் அப்பி, ஃபேனின் எடையை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கழற்றித் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதன் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். துடைத்த பிறகு ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் நாலு மூலையிலும் சைக்கிள் டியூபை வாஷர் மாதிரி வெட்டி வைத்து, ஸ்க்ரூவை மிதமாக இறுக்குங்கள். முழுக்க இறுக்கினால் ரப்பர் நசுங்கிக் கல்லாகிவிடும், போட்டதும் வீண்.

நான் செய்த தப்பு

இவ்வளவும் செய்த பிறகு மேஜை அதிர்வு மட்டும் பாக்கி. பழைய ஹவாய் செருப்பை ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக நாலு துண்டு வெட்டிப் பெட்டியின் நாலு காலுக்கும் வைத்தேன். ஹார்டு டிஸ்க்கின் ரீங்காரம் போய்விட்டது. ஆனால் அதுவரை சும்மா இருந்த பேனா ஸ்டாண்டு கிலுகிலுவென்று ஆட ஆரம்பித்தது! ரப்பர் வைத்தால் அதிர்வு குறையத்தானே வேண்டும், கூடுகிறதே என்று குழம்பிப்போனேன்.

விஷயம் இதுதான். மெத்தென்ற எதன் மேல் வைத்தாலும் பெட்டிக்கு ஒரு சொந்த ஆட்டம் வந்துவிடும், ஊஞ்சல் மாதிரி. எடை தாங்காமல் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த ஆட்டம் நொடிக்குச் சுமார் 16 தடவை. அமுங்குவது கூடக் கூட ஆட்டம் மெதுவாகும். வருகிற அதிர்வு இதைவிட ரொம்ப வேகமாக இருந்தால் ரப்பர் அதைத் தடுத்துவிடும். 7200 சுற்று ஹார்டு டிஸ்க்கின் அதிர்வு நொடிக்கு 120, அதனால் அது அடங்கியது. ஃபேனுடையது 20, அதாவது 16-க்குப் பக்கம். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் உயரப் போகுமல்லவா, அதேதான். கணக்குப் போட்டால் முன்னைவிட ஒன்றரை மடங்குக்கு மேலேயே கூடியிருக்கும்.

தீர்வு நம்ம ஊர்த் தோட்டங்களிலேயே இருந்தது. கிணற்று மோட்டாரைக் கனமான கான்கிரீட் மேடையில்தானே மாட்டுவார்கள்? அலமாரிக்கு வாங்கி மிச்சமிருந்த கடப்பைக்கல், இரண்டடிக்கு ஒன்றரை அடி, முக்கால் அங்குல கனம், ஏறக்குறைய 14 கிலோ. அதே நாலு செருப்புத் துண்டின் மேல் கல்லை வைத்து, கல்லின் மேல் 8 கிலோ பெட்டியை வைத்தேன். எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகி, ரப்பர் இன்னும் அமுங்கி, சொந்த ஆட்டம் பத்துக்குக் கீழே இறங்கியது. பேனா ஸ்டாண்டு அடங்கிவிட்டது. செலவு பூஜ்யம்.

ஒரு எச்சரிக்கை. பல பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கும். அதனால் ஸ்பாஞ்சையோ தேங்காய்நார் மிதியடியையோ முழுசாக விரித்து அதன் மேல் பெட்டியை உட்கார வைக்காதீர்கள். கால்களுக்கு மட்டும் துண்டு போதும்.

அடக்கக் கூடாத சத்தம்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சத்தத்தை ஒவ்வொன்றாக அடக்குகிற உற்சாகத்தில், ஹார்டு டிஸ்க்கிலிருந்து எப்போதாவது வந்த 'டக்... டக்' சத்தத்தையும் அதிர்வு என்றே நினைத்தேன். டிஸ்க்கைக் கழற்றி எலாஸ்டிக் நாடாவில் தொங்கவிட்டேன். பெட்டி அமைதியாகிவிட்டது என்று சந்தோஷம் வேறு. மூன்று மாதத்தில் டிஸ்க் போய்விட்டது. தங்கச்சி கல்யாணப் படங்களில் பெரியம்மா பையனின் பென் டிரைவில் இருந்தவை மட்டும் தப்பின.

டிஸ்க் அவ்வளவு நுட்பமான சாமான். பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் சர்வர் அறையில் டிஸ்க் வரிசையைப் பார்த்துக் கத்துவார், கத்தின அந்த நொடியில் டிஸ்க்கின் வேகம் தடுமாறுவது திரையில் தெரியும். 2008 கடைசியில் வந்த வீடியோ அது. கத்தினாலே தடுமாறுகிற சாமானை, நான் காற்றோட்டம் குறைந்த மூலையில் ஊசலாடவிட்டிருந்தேன். டிஸ்க் கெட்டதற்கு அதுவும் காரணமா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 'டக்' என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, நான் கேட்கவில்லை.

ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். 'டக் டக்' என்றாலோ, கரகரவென்று அரைத்தாலோ, நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தாலோ, முதலில் எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் காப்பி எடுங்கள். கரகரப்பு ஃபேனிலிருந்து என்று தெரிந்தால் அதன் பேரிங் போய்விட்டது, புது ஃபேன் வாங்குங்கள். இது இரண்டும் இல்லை, வெறும் தகர அதிர்வுதான் என்று உறுதியான பிறகு பழைய செருப்பைத் தேடுங்கள்.

இப்போது ராத்திரியில் காற்று போகிற 'உஸ்' சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதை ரப்பரால் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. "பொட்டிய வித்துட்டியா கண்ணு?" என்று அம்மா கேட்டார்.